மல்லிக்குப் புல்

நாய்க்கும் பூனைக்கும் காலடியில் மெத்தென்று சதைத் திண்டு இருக்கும். முயலுக்கு அது கிடையாது. பாதம் முழுக்க அடர்ந்த முடி. அந்த முடிதான் அதற்குச் செருப்பு. மேல் வீட்டுக்காரர்கள் எங்களிடம் விட்டுப்போன வெள்ளை முயலை மடியில் வைத்து, அதன் பின்னங்காலை அம்மா மெல்லத் தூக்கிப் பார்த்தாள். குதிகால் பக்கம் முடி முழுக்கத் தேய்ந்து, தோல் சிவந்து, நடுவில் பொருக்குத் தட்டியிருந்தது. இரண்டு காலிலும் அப்படித்தான்.

2018 குளிர்காலம் அது. தில்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில், தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) குடியிருப்பு ஒன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். மேல் வீட்டுக்காரருக்குப் பெங்களூருக்கு மாற்றல். ஜாமா மசூதிப் பக்கம் கபூத்தர் பஜாரில், பையனின் பிறந்தநாளுக்கென்று வாங்கி வந்த முயல். வாங்கியவர்களும் நல்ல மனுஷர்கள்தான், அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் கடைக்காரர் கொடுத்த கம்பிக் கூண்டிலேயே, கம்பித் தரையிலேயே அது ஒரு வருஷத்தைக் கழித்திருந்தது. புழுக்கையும் மூத்திரமும் கீழே தட்டில் விழுந்துவிடும், கூண்டு சுத்தமாக இருக்கும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கூண்டு சுத்தமாகத்தான் இருந்தது. முயலின் கால்தான் புண்ணாகியிருந்தது.

அன்றைக்கே கூண்டுக்குள் அட்டையைப் போட்டு, அதன்மேல் பழைய பவானி ஜமக்காளம் ஒன்றை நாலாக மடித்து விரித்தோம். கதவைக் கழற்றி வைத்துவிட்டோம். சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து, பூனைமயிர் போல் முடி முளைத்தது. என் மகள் மல்லி என்று பெயர் வைத்தாள்.

அம்மா எங்களோடு வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பா போனபிறகு மன்னார்குடிப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள். ஊரில் கடைசிவரை மாடு வைத்திருந்தாள். தில்லியில் அவளுக்குக் கைக்கு வேலையில்லை. முயல் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, இது என்ன திங்கும்?" என்பதுதான். கூண்டோடு வந்த பொட்டலத்தைக் காட்டினேன். கலர் கலராக உருண்டைகள், உடைத்த சோளம், சூரியகாந்தி விதை. கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது கோழிக்குப் போடுறதுடி. புல்லு திங்குற ஜீவனுக்குப் புல்லுதான் போடணும்" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் படிக்கப் படிக்கத்தான் உணர்ந்தேன். முயலின் உடம்பே புல்லுக்காக அமைந்தது. அதற்கு இருபத்தெட்டுப் பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேல்வரிசை முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. அதைத் தேய்ப்பது நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்லும் வேலைதான். புல் இல்லையென்றால் கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வாய் வலியால் தீனியை விட்டுவிடும். குடலும் அப்படித்தான். நார்தான் குடலைத் தள்ளி ஓட்டுகிறது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில், இரைப்பையைவிடப் பெரிய ஒரு பை இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. மாவும் சர்க்கரையும் அதிகம் போனால் அந்த நுண்ணுயிர்களின் கூட்டமே மாறி, வாயு கட்டிக்கொள்ளும். முயலால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும்.

ஆகவே பகலும் இரவும் அதன்முன் உலர்புல் கிடக்க வேண்டும், அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல். இலை தழை ஒரு கைப்பிடி. கடைத்தீனி ஒரு மேசைக்கரண்டி. எல்லாப் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் தில்லியில், மாடி வீட்டில், புல்லுக்கு எங்கே போவது? செல்லப்பிராணிக் கடைகளில் திமோத்தி என்ற வெளிநாட்டுப் புல்லைச் சின்னச் சின்னப் பையில் விற்கிறார்கள். மாதம் முழுக்க அதையே போடுவதென்றால் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்துப் பூங்காவில் புல் இருக்கிறது. ஆனால் தெருநாய்கள் படுத்துப் புரளும் இடம், மருந்து அடிக்கிறார்கள் வேறு. மெஷினில் வெட்டிக் குவித்த புல்லோ ஒரு மணி நேரத்தில் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். அது முயலுக்கு விஷம் மாதிரி.

அம்மாதான் வழி சொன்னாள். "பால் கறக்கிறவன் எங்கேயிருக்கானோ அங்கே தீவனம் இருக்கும். போய்ப் பாரு."

காஸிப்பூர் என்றால் தில்லிக்காரர்களுக்கு நினைவு வருவது குப்பைமலை. 1984-இல் தொடங்கிய அந்தக் கிடங்கு நிரம்பி வழிந்தபிறகும் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே மீன் சந்தை, கோழிச் சந்தை, பூச்சந்தை. அதே காஸிப்பூரில்தான் எருமைகள் நிற்கும் டெய்ரிக் குடியிருப்பும் இருக்கிறது. அங்கே தீவனக் கடைகளில் தட்டை வெட்டும் மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். வெட்டாத கட்டு வேண்டும் என்று அம்மாவுக்காக இந்தியில் கேட்டேன். "எத்தனை எருமை?" என்றார் கடைக்காரர். ஒரு முயல் என்றதும், மேலே கிடந்த கட்டைப் பிரித்து, நடுவில் வாடாத பகுதியாக எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்தடுத்த தடவைகளில் நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

குளிர்காலத்தில் அங்கே கிடைப்பது பர்சீம். வட இந்தியா முழுக்க மாட்டுக்குப் போடும் மூவிலைப் பயிர். மல்லிக்கு அதன்மேல் உயிர். ஆனால் பர்சீம் புல் இல்லை, பயறு வகையைச் சேர்ந்தது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். முயல் தின்கிற சுண்ணாம்புச் சத்தில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் மூத்திரத்தில்தான் வெளியேறும். அதிகமானால் மூத்திரம் சுண்ணாம்புக் கரைசலாகி, பையில் மணலாகத் தங்கும். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது நல்லது. வளர்ந்த முயலுக்கு ஒரு பிடி, அதுவும் ஈரம் போக வாடவைத்து. அதே பருவத்தில் வரும் ஓட்ஸ் பயிரை அங்கே ஜை என்கிறார்கள். அது அசல் புல். கதிர் விடுவதற்கு முன்னால் அறுத்தது கிடைத்தால் கட்டுக் கட்டாக வாங்குவோம். கோடையில் சோளத்தட்டை.

இத்தனைக்குப் பிறகும் அறுகம்புல்லுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அதைத் தந்தது யமுனை.

மயூர் விஹார் ஒன் ஸ்டேஷனில் ஏறி இந்திரப்பிரஸ்தம் பக்கம் போகிறவர்கள், அக்ஷர்தாம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒரு பச்சையைப் பார்த்திருப்பார்கள். ஆற்றங்கரைச் சமவெளி. காதர் என்பார்கள். கூரை வேய்ந்த குடிசைகள், பாத்தி பாத்தியாக முள்ளங்கி, வெந்தயம், பாலக், காலிஃபிளவர். உத்தரப் பிரதேசத்து பதாயூனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. நிலம் அவர்களுடையது இல்லை. எப்போது புல்டோசர் வரும் என்று தெரியாது. அங்கே உண்ணும் பயிர் வைக்கக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஆற்றின் அழுக்கு அதற்குக் காரணம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கீரைதான் மயூர் விஹாரின் பாதி அடுப்பில் வேகிறது, எங்கள் அடுப்பிலும்.

சாலையோரம் தார்ப்பாயில் முள்ளங்கி குவித்து விற்கும் பெரியவரை நாங்கள் சாச்சா என்று கூப்பிடுவோம். முள்ளங்கியைத் திருகிக் கொடுத்துவிட்டு இலையைப் பின்னால் எறிவார். அந்த இலையைக் கேட்டதில்தான் பேச்சு தொடங்கியது. முயலுக்கு என்று தெரிந்ததும், வரப்பில் மண்டிக் கிடக்கும் தூப் புல்லை வேண்டுமட்டும் அறுத்துக்கொள்ளச் சொன்னார். நம் அறுகுதான். அவருக்கு அது களை. குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பாய்கிற வரப்பாகப் பார்த்து அவரே காட்டினார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு உட்கார்ந்த அந்தக் காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தில்லி வந்தபிறகு அவள் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. பாஷை தெரியாது. சாச்சாவின் மனைவியும் அவளும் அரிவாளை மாற்றிப் பிடித்துப் பார்த்து, பதம் பார்த்து, தலையாட்டிக்கொண்டார்கள்.

புல்லை உலர்த்துவது கைப்பழக்கம். மழை நின்று, புரட்டாசி ஐப்பசியில், விதை கட்டுவதற்குள் அறுக்க வேண்டும். மொட்டைமாடியில் பழைய பருத்திப் புடவையை விரித்து மெலிதாகப் பரப்புவோம். நேர்வெயிலில் ஒரு பொழுது, பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலில். முழுக்க வெயிலில் காய்ந்தால் வெளுத்து வைக்கோலாகிவிடும், சத்தும் வாசனையும் போய்விடும். மாலையில் பனி இறங்குவதற்குள் சுருட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு கொத்தை முறுக்கினால் ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரப் புல்லைக் கட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அதைத் தின்ற முயல் பிழைப்பது கஷ்டம். காய்ந்ததைப் பழைய தலையணை உறைகளில் திணித்துப் பரண்மேல் அடுக்குவோம். பிளாஸ்டிக் பை கூடாது, வேர்க்கும். அம்மா உறையை மூக்கருகே வைத்து முகர்ந்து, சரியாக இருக்கிறது இல்லை என்று தீர்ப்புச் சொல்வாள். அவள் வேண்டாமென்று ஒதுக்கியதை மல்லியும் ஒதுக்கியது.

கேரட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத் தில்லியில் சிவப்புக் கேரட் மலிந்து கிடக்கும். அல்வா கிளறாத வீடு இராது. முயல் இருக்கிற வீடு என்று தெரிந்தால் போதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேரட்டோடு வந்து நிற்பார்கள். 1940-இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் உலகத்துக்கே இந்த எண்ணத்தைப் பதித்துவிட்டது. கேரட்டில் சர்க்கரை அதிகம். மல்லிக்கு வாரத்தில் ஒன்றிரண்டு வில்லை, அதுவும் கையில் வைத்துக் கூப்பிட்டு வரவழைக்க. கேரட் இலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதை யாரும் கொண்டுவருவதில்லை. பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனசு வராது. கேரட்டை எங்கள் சமையலுக்கு வாங்கிக்கொண்டு, அவர்கள் கையில் ஒரு கொத்துப் புல்லைக் கொடுத்து ஊட்டச் சொல்வோம். புல் உள்ளே போகும் வேகத்தையும் தாடை பக்கவாட்டில் ஓடும் ஓட்டத்தையும் பார்த்தபிறகு எந்தப் பிள்ளையும் கேரட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

தில்லியில் காய்கறி வண்டிக்காரர் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொசுறாகப் போடுவார். எங்கள் வண்டிக்காரர் மிளகாயை நிறுத்திக்கொண்டு கொத்தமல்லியை இரட்டிப்பாக்கினார். புதினா, வெந்தயக்கீரை, முள்ளங்கி இலை என்று மாற்றி மாற்றிக் கொடுப்போம். பாலக்கில் ஆக்ஸலேட் அதிகம், எப்போதாவது ஒரு இலை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிட்டேயே வரக் கூடாது. ரொட்டி, சோறு, இட்லி, பிஸ்கட் எதுவும் கூடாது. இதில் அம்மா என்னைவிடக் கண்டிப்பு. தமிழ்நாட்டில் முயல் பண்ணைக்காரர்கள் அகத்தியும் வேலிமசாலும் கல்யாண முருங்கையும் போடுவார்கள். இங்கே அதற்கெல்லாம் வழியில்லை.

ஒருநாள் விடியற்காலையில் மகள் அலறிக்கொண்டு வந்தாள். மல்லி தலையைக் குனிந்து, வயிற்றுக்கடியில் வாயை வைத்து, தன் கழிவைத் தானே எடுத்துத் தின்கிறது. அருகில் போய்ப் பார்த்தேன். அது வழக்கமான புழுக்கை இல்லை. வழக்கமான புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, உதிர்த்தால் புல்தூளாக இருக்கும். இது கருத்து, பளபளவென்று, சின்னஞ்சிறு திராட்சைக் கொத்துப்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. குடல்பையில் புளித்த சத்து அதில்தான் வெளியே வருகிறது. அதை மறுபடி விழுங்கினால்தான் அதிலுள்ள புரதமும் வைட்டமினும் உடம்பில் சேரும். அருவருத்து அதைத் தடுத்தால் முயல் நோஞ்சானாகிவிடும். மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா முந்திக்கொண்டாள்: "மாடு அசை போடுதில்ல? இது இன்னொரு தடவ வாய்க்கு எடுத்துக்குது. அவ்வளவுதான்." மகள் சமாதானமாகிவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

மல்லியை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பால்கனியில் எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் காஸிப்பூரின் குப்பைக்கும் இறைச்சிக் கழிவுக்கும் திரளும் பருந்துகள் எங்கள் மாடிக்கு மேல்தான் வட்டமிடும். குரங்குகள் வரும், பூனை குழாயைப் பிடித்து ஏறும். முயலை அவை தொட வேண்டியதுகூட இல்லை, நிழல் விழுந்தாலே பயத்தில் உயிர் போகலாம். ஆகவே வீட்டுக்குள், சாமான் அறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையை மல்லிக்கு விட்டோம். மின்கம்பிகளை எல்லாம் பிவிசி குழாய்க்குள் விட்டார் என் கணவர். முயலுக்குக் கம்பி என்றால் வேர். பூமிக்கடியில் வளை தோண்டும் பிராணி அது, குறுக்கே வரும் வேரைக் கடித்தெறியும். தரைக்குக் கோணிச்சாக்கு, ஒளிந்துகொள்ள இருபக்கமும் வாசல் வைத்த அட்டைப்பெட்டி. புல் தின்றுகொண்டே புழுக்கை போடுவது அதன் பழக்கம், அதனால் செய்தித்தாள் விரித்த தட்டின் ஒரு தலைப்பில் புல்லைக் குவித்துவிட்டால் வேறெங்கும் அசுத்தம் செய்யாது. தட்டில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு வினிகர். புழுக்கை முழுக்க அம்மாவின் தொட்டிச் செடிகளுக்கு. தில்லிக் குளிரில் வழக்கமாகச் சுருண்டுவிடும் கறிவேப்பிலை அந்த வருஷங்களில் தளதளவென்று நின்றது.

கோடைதான் எங்களுக்குச் சோதனை. முயலுக்கு வேர்க்காது. காதில் ஓடும் ரத்தக் குழாய்கள் விரிந்துதான் சூட்டை வெளியே விட வேண்டும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இருபது டிகிரிக்குப் பக்கத்தில் அது சுகமாக இருக்கும்; முப்பதைத் தாண்டினால் ஆபத்து. ஒருமுறை கொடைக்கானல் மலையில் மன்னவனூருக்குப் போயிருந்தோம். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது, முயல்களும் வளர்க்கிறார்கள். மே மாதத்திலும் சால்வை தேவைப்படும் குளிர். அந்த முயல்கள் காதை முதுகோடு சேர்த்துப் படிய வைத்துக் கிடந்ததைப் பார்த்தபோது, காதை விரித்துத் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மல்லிதான் நினைவுக்கு வந்தது. கபூத்தர் பஜாரில் வெயிலில் கூண்டு கூண்டாக அடுக்கியிருக்கும் குட்டிகளும்.

தில்லியில் லூ என்ற வறண்ட அனல்காற்று வீசும் மாதங்களில் டெசர்ட் கூலர் நன்றாக வேலை செய்யும். ஜூலையில் காற்றில் ஈரம் ஏறியதும் அதனால் பிரயோஜனம் இல்லை. நடையில் ஒரு கோட்டாக் கல் பலகை போட்டோம். தண்ணீர் தெளித்துத் துடைத்த அந்தக் கல்மேல் மல்லி வயிறு ஒட்டப் படுத்திருக்கும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி அருகில் வைப்போம். குடிக்க ஊசிக்குழாய் பாட்டில் இல்லை, கனமான மண் சட்டி. சட்டியில் முயல் நிறையக் குடிக்கும். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. மின்சாரமும் போய்விட்டது. ஈரத் துணியால் அதன் காதுகளைத் துடைத்துக்கொண்டு நானும் அம்மாவும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். உடம்பை நனைக்கக் கூடாது. அடர்ந்த முடி நனைந்தால் காய வெகுநேரம் ஆகும், அந்த அதிர்ச்சியே போதும் அதை வீழ்த்த.

கருப்பையை எடுக்கும் அறுவையை மல்லி வந்த சிறிது காலத்திலேயே செய்துவிட்டோம். கருத்தடை செய்யாத பெண் முயல்களில், வயது நான்கைத் தாண்டியவற்றில் பாதிக்குமேல் கருப்பைப் புற்றுநோய் வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தில்லியில் முயலைத் தெரிந்த மருத்துவர்கள் குறைவு. தெற்கு தில்லியில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். மெட்ரோவில் பிராணிகளுக்கு அனுமதி இல்லாததால் ஆட்டோதான். அவர் அன்றைக்குச் சொன்ன இரண்டு எச்சரிக்கையை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டினேன். அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்து எதையும் முயலுக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது, குடல் நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து கூடவே கூடாது.

அந்தத் தாள் ஒரு தீபாவளிக்கு மல்லியைக் காப்பாற்றியது. முன்னிரவிலேயே வெடி தொடங்கிவிட்டது. ஜன்னல்களை அடைத்து, போர்வையைத் தொங்கவிட்டு, ரேடியோவை மெல்ல வைத்தோம். ஒவ்வொரு வெடிக்கும் பின்னங்காலால் தரையில் ஓங்கி அறைந்தது. முயல் கூட்டத்துக்கு அபாயம் அறிவிக்கிற அறைதல் அது. விடிந்து பார்த்தால் முதுகைக் கூனி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினாலும் திரும்பிக்கொண்டது. தட்டில் புழுக்கை இல்லை. "ஏண்டி, ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் போடலியே" என்றாள் அம்மா. அதைத் தன் மடியில் வைத்து, குனிந்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். மாட்டுக்கு இடது விலாவில் காது வைத்துக் கேட்பவள். சாதாரணமாக மல்லியின் வயிற்றில் கொதிக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஒன்றுமில்லை.

முயலுக்குக் குடல் நின்றால் பன்னிரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது. பண்டிகைக்கு மறுநாள், எங்கள் மருத்துவர் ஊரில் இல்லை. பக்கத்தில் நாய்களுக்குப் பார்க்கும் ஒருவரிடம் ஓடினோம். பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். சீட்டில் அமாக்ஸிசிலின் என்று இருந்தது. அதை வாங்காமல் வெளியே வந்து, எங்கள் மருத்துவரை ஃபோனில் பிடித்தேன். அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் அவர். தனக்குத் தெரிந்த இன்னொருவரிடம் அனுப்பினார். அங்கே படம் எடுத்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வலி குறைய ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, குடல் அசைய மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, தீனி உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிறுகச் சிறுகக் கொடுத்தோம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைப்பு. அம்மா உள்ளங்கையால் வயிற்றை முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் விடியலுக்குள் மடியில் ஒரு புழுக்கை விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, கோணல்மாணலாக. அம்மா அதை உள்ளங்கையில் வைத்து எங்கள் எல்லோரையும் எழுப்பிக் காட்டினாள். பிறகு ஒரு அறுகம் இழையை வாயருகே வைத்தாள். இழை உள்ளே போகத் தொடங்கியது.

2020 மார்ச் 25-இல் கொரோனாவுக்காக ஊர் அடைக்கப்பட்டபோது காஸிப்பூர் போகமுடியவில்லை. சாச்சாவின் மகன் காய்கறி வண்டியில் புல்லையும் வைத்துக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனான். 2023 ஜூலையில் நிலைமை தலைகீழ். 13-ஆம் தேதி பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் கண்ட 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். மெட்ரோவிலிருந்து பார்த்தால் வயல் இருந்த இடமெல்லாம் பழுப்புத் தண்ணீர், கூரைகளின் முகடு மட்டும். காதர் குடும்பங்கள் மயூர் விஹார் சாலையோரம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தன. எருமைகளைச் சாலைத் தடுப்பில் கட்டியிருந்தார்கள். மல்லிக்கு எங்கள் பரண்மேல் உலர்புல் இருந்தது. சாச்சாவின் எருமைகளுக்கு ஒன்றும் இல்லை. காஸிப்பூரிலிருந்து வைக்கோல் துருவலும் சோளத்தட்டையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். அவர் விதைக்கு வைத்திருந்த முள்ளங்கியும் வெந்தயமும் தண்ணீரோடு போயிருந்தன. அரசு தருவதாகச் சொல்லும் நிவாரணம் நிலம் பேரில் இல்லாதவனுக்கு எப்படி வரும் என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் குடியிருப்பில் பணம் திரட்டி விதை வாங்கிக் கொடுத்தோம். அது போதவே போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். கிழக்கு தில்லிக்குக் கீரை கொடுக்கிற இந்த மனிதர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருக்க வேண்டும். அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

தண்ணீர் வடிந்தபோது வண்டல் கணுக்கால் அளவு படிந்திருந்தது. முதலில் முளைத்தது அறுகு. அந்த வருஷம் அதை நாங்கள் அறுக்கவில்லை. வெள்ளம் எதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து இன்னொரு தழைப்பு வரட்டும் என்று அம்மாவும் சாச்சாவும் சொல்லிவிட்டார்கள்.

மல்லிக்கு வயதாகிவிட்டது. முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும்; நன்றாகப் பார்த்தால் அதற்கு மேலும். பின்னங்கால் மூட்டில் பிடிப்பு, தட்டின் விளிம்பைத் தாண்டக் கஷ்டப்படுகிறது. விளிம்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டோம். உடம்பை வளைத்துக் கருப்புக் கொத்தை எடுக்க முடியாத நாட்களில் அம்மா அதைத் தட்டிலிருந்து எடுத்து வாயருகே வைக்கிறாள். பல் இன்னும் திடமாக இருக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டது, காஸிப்பூருக்குப் பர்சீம் முதல் அறுப்பு இன்னும் வந்து சேரவில்லை. ஜை தை மாதம்தான். இப்போதைக்கு ஐப்பசியில் கட்டிய ஆறேழு தலையணை உறைகளில்தான் வண்டி ஓடுகிறது. ஒன்று நேற்றுப் பிரித்தோம், நல்ல பச்சையாக இருக்கிறது.